ஒரு வாக்கின் விலை: டோனி கிரெகரியும் 1982ஆம் ஆண்டு டப்ளின் ஒப்பந்தமும்

1982 பிப்ரவரி 18 அன்று அயர்லாந்தில் பொதுத்தேர்தல் நடந்தது. நாடாளுமன்றக் கீழவையான டாயிலின் 166 இடங்களில் சார்லஸ் ஹாஹி தலைமையிலான ஃபீயனா ஃபால் கட்சிக்கு 81 கிடைத்தன. காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஃபினே கேலுக்கு 63, லேபர் கட்சிக்கு 15, லேபரிலிருந்து வேறான சிறிய தொழிலாளர் கட்சிக்கு 3. மீதி நான்கு பேர் சுயேச்சைகள். அந்த நால்வரில் ஜான் ஓ'கானல் அவைத் தலைவர். வாக்குகள் சமமானால் ஒழிய அவர் வாக்களிக்க மாட்டார். ஆக வாக்களிக்கப் போகிறவர்கள் 165 பேர், தேவையானது 83. டோனகல் மாவட்டத்துச் சுயேச்சை நீல் பிளேனி பழைய ஃபீயனா ஃபால் அமைச்சர். மனத்தளவில் அந்தக் கட்சியை விட்டு முழுவதும் விலகாதவர். அவர் ஹாஹி பக்கம் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். லிமரிக் நகரத்துச் சுயேச்சை ஜிம் கெம்மி ஒருபோதும் வரமாட்டார் என்பதும் தெரியும். 81உடன் ஒன்று சேர்த்தால் 82. இன்னும் ஒன்று வேண்டும்.

அந்த ஒன்றை வைத்திருந்தவர் டப்ளின் மாநகராட்சிக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு உறுப்பினராகி, டாயிலுக்குள் அப்போதுதான் முதன்முறையாகக் காலடி வைத்த 34 வயதுப் பள்ளி ஆசிரியர், டோனி கிரெகரி.

தொங்கு சபையில் சுயேச்சைகளின் விலை ஏறுவது உலகெங்கும் நடக்கிற சங்கதிதான். கிரெகரி கேட்டதும் கேட்ட விதமும் வேறு. அமைச்சர் பதவி கேட்கவில்லை, வாரியத் தலைவர் பதவி கேட்கவில்லை, தனக்கென்று எதையும் கேட்கவில்லை. வீடுகள், வேலைகள், நிலம், பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்கள், ஓய்வூதியர்களுக்கு இலவச மருத்துவ அட்டை என்று ஒரு மாநகராட்சி செய்திருக்க வேண்டிய வேலைகளையும் ஓர் அரசு செய்திருக்க வேண்டிய வேலைகளையும் பட்டியலிட்டு, எழுத்தில் கையெழுத்து வாங்கி, அதை டாயிலில் எழுந்து நின்று படித்தார். உள்ளூர் அரசியலில் கற்றதைத் தேசிய அரசியலில் ஒருவர் எவ்வளவு தூரம் செலுத்த முடியும், எங்கே போய் முட்டும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு அயர்லாந்தின் அண்மை வரலாற்றில் இல்லை என்பது என் கருத்து.

மாநகராட்சி உறுப்பினருக்கு என்ன அதிகாரம்?

கிரெகரி 1947இல் டப்ளின் வடக்கு உள்நகரத்தில் பிறந்தவர். தந்தை துறைமுகத்தில் பண்டகசாலைத் தொழிலாளி. குடும்பம் ஒற்றை அறையில் குடியிருந்தது. தாய் மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பித்தபோது, இருக்கும் பிள்ளைகள் போதாது, ஆறு பிள்ளைகள் ஆனபிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டதைக் கிரெகரி பின்னாளில் சொல்வதுண்டு. உதவித்தொகையில் படித்துப் பட்டம் பெற்று, ஐரிஷ் மொழிவழிப் பள்ளி ஒன்றில் வரலாறும் பிரெஞ்சும் கற்பித்தார். இளமையில் அதிகாரபூர்வ ஷின் ஃபெயின், பிறகு ஐரிஷ் குடியரசு சோசலிஸ்ட் கட்சி என்று இடதுசாரிக் குடியரசு அமைப்புகளில் இருந்தார். பிந்தைய கட்சியை நிறுவிய ஷேமஸ் காஸ்டெல்லோ 1977இல் டப்ளின் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு கிரெகரியின் அரசியல் தன் தெருக்களுக்குள் சுருங்கியது. அல்லது, என்னைக் கேட்டால், அங்கேதான் விரிந்தது.

1970களில் அந்தத் தெருக்களின் நிலை என்ன? டப்ளின் துறைமுகத்தில் சரக்குகள் கொள்கலன்களில் வரத் தொடங்கியதும் மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை போயிற்று. தந்தை, மகன், பேரன் என்று தலைமுறைகளாகத் துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் சில ஆண்டுகளில் நடுத்தெருவுக்கு வந்தன. பழைய குடியிருப்புகளை இடித்து, மக்களைப் பாலிமன் போன்ற புறநகர்களுக்கு அனுப்பிவிட்டு, காலியான இடத்தில் அலுவலகக் கட்டடமும் அகலச் சாலையும் போடலாம் என்பது மாநகராட்சித் திட்டமிடலின் போக்காக இருந்தது. இதை எதிர்த்துத்தான் மிக் ராஃபர்டி, ஃபெர்கஸ் மெக்கேப் போன்ற சமூகப் பணியாளர்களும் கிரெகரியும் ஒன்று சேர்ந்தார்கள். எங்களை எங்கள் இடத்திலேயே குடிவையுங்கள் என்பதுதான் கோரிக்கையின் சாரம். 1979 உள்ளாட்சித் தேர்தலில் கிரெகரி டப்ளின் மாநகராட்சிக்குத் தேர்வானார்.

அவைக்குள் போனதும் சுவரில் முட்டிக்கொண்டார். அயர்லாந்து உள்ளாட்சி அமைப்பை அறியாத வாசகருக்கு இதைச் சற்று விளக்கியாக வேண்டும். 1930 முதலே டப்ளினில் நிர்வாக அதிகாரம் நியமிக்கப்பட்ட நகர மேலாளரிடம் இருந்தது. வாக்கு வாங்கி வந்த உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தையும் நகர வளர்ச்சித் திட்டத்தையும் ஏற்கலாம், திருத்தலாம். எந்த வீடு யாருக்கு, எந்த ஒப்பந்தம் எவருக்கு என்பதெல்லாம் மேலாளர் கையில். மேயரின் கழுத்துச் சங்கிலி பளபளக்கும், அவ்வளவுதான். காவல்துறை, பள்ளிகள், மருத்துவமனைகள் எதுவும் மாநகராட்சியிடம் இல்லை. போதாக்குறைக்கு 1977 தேர்தலில் ஃபீயனா ஃபால் அள்ளிவீசிய வாக்குறுதிகளில் ஒன்றாக, வீடுகளுக்கான உள்ளூர் வரி 1978இல் ஒழிக்கப்பட்டது. வாக்காளர்கள் மகிழ்ந்தார்கள், உள்ளாட்சிகள் அன்று முதல் மத்திய அரசின் மானியத்துக்காகக் கையேந்தி நின்றன.

ஆகவே உள்நகரத்துச் சம்மர்ஹில் பகுதிக்கு நூறு வீடு வேண்டும் என்றால் மாநகராட்சிக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசிப் பயனில்லை. பணம் அமைச்சகத்தில் இருக்கிறது, அமைச்சகம் டாயிலுக்குப் பதில் சொல்கிறது. 1981இல் கிரெகரி டாயில் தேர்தலில் நின்று தோற்றார். எட்டே மாதத்தில் மறுவாய்ப்பு வந்தது.

அந்த வாய்ப்பு வந்த கதையும் சுவையானது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அரசு 1982 ஜனவரி 27 அன்று வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. சிக்கலின் நடுவே இருந்தது குழந்தைகளின் காலணிக்கு மதிப்புக்கூட்டு வரி. குழந்தைக் காலணிக்கு விலக்குக் கொடுத்தால் சிறிய பாதமுள்ள பெண்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வரி தப்பிவிடுவார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம்! பொருளாதாரம் படித்த பிரதமர்களுக்கு இப்படியொரு ஆபத்து எப்போதும் உண்டு. சோசலிஸ்டான ஜிம் கெம்மி எதிர்த்து வாக்களித்தார், அரசு விழுந்தது. ஒரு சுயேச்சை கவிழ்த்த அரசின் இடத்தில் அடுத்த அரசை அமர்த்தும் பொறுப்பு இன்னொரு சுயேச்சையிடம் வந்து சேர்ந்தது.

சம்மர்ஹில் பரேடில் பேரம்

கிரெகரி தனியாக முடிவெடுக்கவில்லை. இந்த நிகழ்வில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் இது. ராஃபர்டி, மெக்கேப், தம்முடைய அண்ணன் நோயல் ஆகியோருடன் அமர்ந்து, அதுவரை ஊர்க்கூட்டங்களிலும் மாநகராட்சியிலும் பேசி வந்த கோரிக்கைகளைத் தொகுத்தார்கள். வாக்கு எண்ணி முடித்த மறுநாள் அவசரமாகக் கிறுக்கிய விருப்பப் பட்டியலாக இருந்திருந்தால் பேச்சுவார்த்தையின் முதல் அரைமணி நேரத்திலேயே கரைந்திருக்கும். இவர்களுக்குத் தெருப்பெயர் தெரியும், எந்த மனை யாருக்குச் சொந்தம் என்று தெரியும், எத்தனை குடும்பம் காத்திருக்கிறது என்று தெரியும். மாநகராட்சியில் அதிகாரமில்லாமல் கழித்த ஆண்டுகள் அவர்களுக்கு விவரங்களைக் கொடுத்திருந்தன.

ஹாஹி, ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் பேச வந்தார்கள். சம்மர்ஹில் பரேடில் இருந்த சிறிய அலுவலகத்துக்கு நாட்டின் இரு பெரும் தலைவர்களும் மாறி மாறி வந்துபோனது அந்தத் தெருவுக்கே ஒரு புதுமை. ஃபிட்ஸ்ஜெரால்ட் வறுமையைப் பற்றி உண்மையான அக்கறை கொண்டவர்; ஆனால் அரசின் கடன்சுமையை நினைத்து எண்ணி எண்ணிப் பேசினார். ஹாஹிக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவரும் வட டப்ளினில் வளர்ந்தவர்தான். அதற்குள் கின்சீலி மாளிகை, குதிரைகள், சொந்தத் தீவு, பாரிஸிலிருந்து வரவழைத்த சட்டைகள் என்று வேறொரு வாழ்க்கைக்குப் போய்விட்டார். அந்த வாழ்க்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது 1990களின் விசாரணை ஆணையங்களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கழுத்துப்பட்டை அணிய மறுத்தவர். என் தொகுதியில் பலருக்கு அதை வாங்க வசதியில்லை என்று சொல்லி, டாயிலுக்குள்ளும் கடைசிவரை திறந்த கழுத்துடனேயே போனவர்.

உடன்பாடு எழுதப்பட்டது. ஹாஹியும் கிரெகரியும் கையெழுத்திட, அயர்லாந்தின் மிகப் பெரிய தொழிற்சங்கமான போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் மைக்கேல் மல்லன் சாட்சிக் கையெழுத்திட்டார். இந்தச் சாட்சிக் கையெழுத்து எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் ஊர்ப்பெரியவரைச் சாட்சி போடச் சொல்வது போன்ற எச்சரிக்கை அது. ஹாஹியின் வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் டப்ளினில் நிறையப் பேர் இருந்தார்கள். வேலை முடிந்ததும் ஹாஹி, மாஃபியாக்காரர்கள் பேரம் முடித்தால் சொல்வார்களே, அதுபோல உங்களோடு வியாபாரம் செய்தது மகிழ்ச்சி என்ற வகையில் வேடிக்கையாகச் சொன்னதாகக் கிரெகரி தரப்பு நினைவுகூர்ந்திருக்கிறது.

உடன்பாட்டில் என்ன இருந்தது? கிரெகரியின் தொகுதியில் 400க்கு மேற்பட்ட புதிய வீடுகள், டப்ளினின் பிற பகுதிகளில் 1,600 வீடுகள். உள்நகரத்தில் 500 பேரை உடனே வேலைக்கு எடுக்க 40 லட்சம் பவுண்டு. மூன்றாண்டுகளில் 3,700க்கும் அதிகமான வேலைவாய்ப்புகள். துறைமுக வாரியத்துக்குச் சொந்தமான 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது. தொகுதிப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்களை அதிகரிப்பது. நகரின் மேற்கே குளோண்டால்கினில் மூடப்பட்ட காகித ஆலையை நாட்டுடைமையாக்குவது. மொத்தச் செலவு 10 கோடி பவுண்டைத் தொடும் என்று அப்போதே பேசப்பட்டது.

மார்ச் 9 அன்று ஹாஹி 86க்கு 79 என்ற கணக்கில் பிரதமரானார். இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். 81 ஃபீயனா ஃபால், பிளேனி, கிரெகரி, கூடவே தொழிலாளர் கட்சியின் 3 பேர். கிரெகரி எதிர்த்திருந்தாலும் 85க்கு 80 என்று ஹாஹி வென்றிருப்பார். அப்படியானால் 10 கோடி பவுண்டு வீண்செலவா? இல்லை. கிரெகரி சேர்ந்ததும் ஹாஹியின் கை 83ஐத் தொட்டுவிட்டது. அதன் பிறகு தொழிலாளர் கட்சி எப்படி வாக்களித்தாலும் கவலையில்லை. ஹாஹி வாங்கியது நிச்சயத்தை. தம் சொந்தக் கட்சிக்குள்ளேயே டெஸ் ஓ'மாலி சில நாட்களுக்கு முன்புதான் தலைமைக்குக் குறிவைத்துப் பின்வாங்கியிருந்த நேரத்தில், நிச்சயத்துக்கு எந்த விலையும் மலிவுதான்.

"பணயம் வைத்துவிட்டார்"

கிரெகரி உடன்பாட்டைப் படித்து அவைக் குறிப்பில் ஏற்றியதும் நாடெங்கும் கூச்சல். ஒரு தொகுதிக்காரர் அரசைப் பணயம் வைத்துவிட்டார், நாட்டின் கஜானாவை ஒற்றை வாக்குக்கு விற்றுவிட்டார்கள் என்று தலையங்கங்கள் பொரிந்தன. இந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. வறுமை வடக்கு உள்நகரத்தில் மட்டும் இல்லை. கார்க்கிலும் லிமரிக்கிலும் இருந்தது. அங்கெல்லாம் இப்படிப் பேரம் பேசிய சுயேச்சை இல்லை என்பதற்காக அவர்களுக்கு வீடு கிடையாதா? தேவையை அளந்து பங்கிட வேண்டிய பணத்தை, அவைக் கணக்கின் விபத்து பங்கிட்டது.

மறுபாதியை விமர்சகர்கள் பேசவில்லை. 1,600 வீடுகள் கிரெகரியின் தொகுதிக்கு வெளியே வருபவை. காகித ஆலைத் தொழிலாளி எவரும் அவருக்கு வாக்குப் போடப் போவதில்லை. அதைவிட முக்கியம், அதுவரையும் அதற்குப் பிறகும் அயர்லாந்தில் சுயேச்சைகள் செய்த பேரங்கள் பெரும்பாலும் திரைமறைவில் நடந்தவை. 1997இல் பெர்டி அஹெர்னின் சிறுபான்மை அரசைத் தாங்கிப் பிடித்த ஜாக்கி ஹீலி-ரே போன்ற சுயேச்சைகளுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது ஐந்தாண்டுகளும் பத்திரிகைகளுக்குத் தீராத புதிராக இருந்தது. கெர்ரி மாவட்டத்தில் ஒரு சாலைக்குத் தார் போட்டால்கூட, இது அந்தப் பட்டியலில் உள்ளதா என்று ஊர் கேட்டது. கிரெகரியின் பட்டியலில் ஒவ்வொரு வரியும் அவைக் குறிப்பில் அச்சாகிக் கிடந்தது. நிறைவேறாததற்கு யாரைக் கேட்பது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. அந்த ஆட்சியில் அரசுத் தலைமைக் கொறடா, அதாவது வாக்குகளை எண்ணிக் காக்க வேண்டியவர், அதே டப்ளின் சென்ட்ரல் தொகுதியில் கிரெகரிக்குப் போட்டியாளரான பெர்டி அஹெர்ன்.

ஒன்பது மாதம்

அரசு ஒன்பது மாதம்தான் தாக்குப்பிடித்தது. டப்ளின் மேற்குத் தொகுதியில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை ஐரோப்பிய ஆணையராக அனுப்பிவிட்டு இடைத்தேர்தலில் அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று ஹாஹி போட்ட கணக்கு பொய்த்தது. ஃபினே கேலே மீண்டும் வென்றது. இலையுதிர் காலத்தில் அவர் கட்சி உறுப்பினர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் மருத்துவமனையில். செலவுக் குறைப்புத் திட்டத்தை அரசு வெளியிட்டதும் தொழிலாளர் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 4 அன்று 82க்கு 80 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆட்சி விழுந்தது. கிரெகரி யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கினார். அவர் ஹாஹி பக்கம் நின்றிருந்தாலும் 82க்கு 81தான், காப்பாற்றியிருக்க முடியாது.

அடுத்து வந்த ஃபினே கேல்-லேபர் கூட்டணிக்கு அந்த உடன்பாடு வேறொருவர் எழுதிய கடன்பத்திரம். அதை மதிக்க வேண்டிய சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. மதிப்பதற்குக் கஜானாவில் பணமும் இல்லை. வீட்டுத் திட்டங்களில் ஒரு பகுதி நடந்தேறியது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றன.

27 ஏக்கர் நிலத்தின் கதைதான் மனத்தை உறுத்துகிறது. கஸ்டம் ஹவுஸ் கப்பல்துறைப் பகுதியில் உள்நகர மக்களுக்கான வளர்ச்சியை மனத்தில் வைத்து உடன்பாட்டில் சேர்க்கப்பட்ட இடம் அது. 1986இல் நகரப் புதுப்பிப்புச் சட்டம் வந்தது, தனி ஆணையம் அமைந்தது. 1987இல் மீண்டும் பிரதமரான அதே ஹாஹி, அங்கே சர்வதேச நிதிச் சேவை மையத்தை எழுப்பினார். வரிச்சலுகைக்காகப் பல நாட்டு வங்கிகள் வந்து குவிந்தன, கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. பக்கத்தில் ஷெரிஃப் தெருவில் துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வேலையில்லாமல் நின்றார்கள். அயர்லாந்தின் பிற்காலச் செழிப்புக்கு அந்த மையம் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. அரசு நிலத்தை எடுத்தது என்ற அளவில் உடன்பாடு நிறைவேறியது என்றுகூட ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். ஆனால் டப்ளின் மாநகராட்சிக்கு அந்த இடத்தின் திட்டமிடலில் பேசும் உரிமையே அற்றுப்போனது. அதிகாரம் முழுவதும் மத்திய அரசு நியமித்த ஆணையத்திடம். எந்தப் பலவீனத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கிரெகரி டாயிலுக்கு வந்தாரோ, அதே பலவீனம் மறுபடி வென்றது.

மீண்டும் தெருவுக்கு

உடன்பாட்டோடு கிரெகரியின் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஒரு தீங்கு உண்டு. அதற்குப் பிறகு அவர் செய்தவை மறக்கப்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் ஹெராயின் அந்தத் தெருக்களை விழுங்கியது. மருத்துவர் ஜான் பிராட்ஷா நடத்திய ஆய்வு, வடக்கு உள்நகரத்தின் ஒரு பகுதியில் 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் பத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் ஹெராயின் பயன்படுத்தியதாகக் கண்டது. அரசு அசையாதபோது பெற்றோர்கள் திரண்டு வியாபாரிகளின் வீட்டு வாசலுக்கே ஊர்வலம் போனார்கள். கிரெகரி அவர்களோடு நின்றார். போதை வியாபாரிகளைச் சிறையில் போட்டால் போதாது, வேலையே இல்லாதவன் மாளிகை வாங்கிய பணத்தைப் பறிக்க வேண்டும் என்று டாயிலில் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினார். 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிக்கா கெரின் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அரசுக்கு உறைத்தது; அவ்வாண்டே குற்றச் சொத்துப் பறிமுதல் சட்டமும் அதற்கான தனி அமைப்பும் வந்தன. உள்நகரத்தில் பிள்ளைகள் செத்தபோது வராத சட்டம் அது.

1980களின் நடுவில் தெருவணிகப் பெண்களுக்காகச் சிறைக்கும் போனார். ஹென்றி தெரு, மூர் தெருப் பக்கம் பழைய குழந்தை வண்டிகளில் பழமும் பூவும் வைத்து விற்ற பெண்கள் அவர்கள். தாய்க்குப் பின் மகள் என்று வரும் தொழில். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி உரிமமில்லை என்று காவலர்கள் வண்டியையும் சரக்கையும் பறித்தார்கள். பெரிய கடைக்காரர்களின் புகார் பின்னால் இருந்தது. ஓ'கானல் தெருவில் மறியலில் உட்கார்ந்த கிரெகரியிடம், இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக நீதிமன்றம் சொன்னது. மறுத்துவிட்டு இரண்டு வாரம் மவுண்ட்ஜாய் சிறையில் இருந்தார். சட்டம் இயற்றும் அவையின் நடப்பு உறுப்பினர் பழ வண்டிக்காகக் கம்பி எண்ணிய காட்சி, பத்து மேடைப்பேச்சுகள் செய்யாததைச் செய்தது.

எல்லாவற்றிலும் வென்றார் என்றில்லை. முயல்களை நாய்களை விட்டுத் துரத்தும் விளையாட்டைத் தடை செய்ய 1993இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா படுதோல்வி அடைந்தது; கிராமத்து உறுப்பினர்களின் வாக்கை இழக்கப் பெரிய கட்சி எதுவும் துணியவில்லை.

1987இல் வரலாறு மறுபடி அவர் வாசலுக்கு வந்தது. ஹாஹிக்கு மீண்டும் 81 இடங்கள். பிரதமர் தேர்வில் 82க்கு 82 என்று வாக்குகள் நின்றன, கிரெகரி வாக்களிக்கவில்லை, அவைத் தலைவர் ஷான் டிரேசியின் முடிவு வாக்கில் ஹாஹி வென்றார். இம்முறை பட்டியல் இல்லை, கையெழுத்து இல்லை. ஆதரித்தால் வரப்போகும் செலவுக் குறைப்புக்குப் பங்காளி ஆவார், எதிர்த்தால் இன்னொரு தேர்தல். ஒதுங்குவதுதான் அவருக்கு இருந்த வழி. ஐந்தாண்டுகளுக்கு முன் 10 கோடி பவுண்டு மதிப்பிட்ட வாக்கு, கஜானா காலியானபோது எதையும் வாங்கித்தர முடியாததாக ஆகிவிட்டது.

தொகுதி மட்டும் அவரைக் கைவிடவில்லை. 1982 பிப்ரவரி முதல் 2007 வரை எட்டுப் பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். அத்தனை காலமும் அதே தொகுதியில் அஹெர்ன் டிரம்கோண்ட்ராவில் அமைத்திருந்த தேர்தல் இயந்திரம் வீடுவீடாக உழுதுகொண்டிருந்தது. 1997க்குப் பிறகு எதிராளி நாட்டின் பிரதமரும்கூட. அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பவரிசை எழுதுகிறார். கட்சி பலமில்லாத ஒருவர் இந்த முறையில் பிழைப்பதற்குக் காரணம், பிற கட்சிக்காரர்களும் இரண்டாம் விருப்பமாக அவர் பெயரை எழுதுவதுதான். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் கிரெகரி மாநகராட்சியைத் தாண்டியிருப்பாரா என்பது ஐயமே.

1979 முதல் வகித்த மாநகராட்சிப் பதவியை அவர் விட நேர்ந்தது தோல்வியால் அல்ல. ஒருவரே டாயிலிலும் உள்ளாட்சியிலும் இருக்கக் கூடாது என்று 2003இல் சட்டம் வந்தது. கொள்கை அளவில் நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளாட்சிக்கு அதிகாரத்தைக் கொடுக்காமல், இரண்டுக்கும் இடையே ஓடிய ஆட்களை மட்டும் நிறுத்தியது.

கிரெகரி 2009 ஜனவரி 2 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 61. அவ்வாண்டு ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய நீண்டகாலத் தோழி மவ்ரீன் ஓ'சல்லிவன், அதே குழுவின் சார்பில் சுயேச்சையாக நின்று வென்று, 2020 தேர்தல் வரை அந்த இடத்தில் இருந்தார்.